சாய்ந்து வந்த தேர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். காலையில் ஏதாவது ஓர் உத்தரவு போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் சபையில் விகடம் சொல்பவள் நீலாயி. பிறவியிலேயே ஒரு கால் குட்டை. இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். அவள் பேச்சுக்கு ராஜா சிரிக்கச் சிரிக்க, படைத்தலைவரான தளவாய் இரத்தினசாமிக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் தளவாய் பணிவாகச் சொன்னார்: "மகாராஜா, வருவோரைக் கூவி அறிவிக்கும் கட்டியக்காரன் உள்ளதை உள்ளபடி கூவ வேண்டாமா? சாய்ந்து வருவது யாராயினும், எதுவாயினும், 'நொண்டி வருது' என்று கூவட்டும். தவறினால் வேலை போகட்டும்."

"அப்படியே ஆகுக" என்றார் ராஜா, வெற்றிலையை மென்றபடி.

அன்றிலிருந்து நீலாயி வாசலில் கால் வைத்தாலே, "நொண்டி வருதூ!" சபை சிரித்தது. தெருப்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்ததே ஊருக்கு மறந்துபோனது.

அவள் அழவில்லை. "மகாராஜா, ஒரே விண்ணப்பம். இந்த உத்தரவு ராஜவீதிக்கும் செல்லட்டும். எவருக்கும் விலக்குக் கூடாது" என்றாள்.

"தாராளமாக!" என்று தளவாயே முந்திக்கொண்டார். ராஜாவும் தலையாட்டினார்.

திருவிழா வந்தது. வீதிமுனையில் தேர் திரும்பியது. கோபுரமே எழுந்து நடந்து வருவது போல, இடப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து வந்தது. வீதியே மூச்சை அடக்கி நின்றது. மாடத்தில் ராஜா கைகூப்பினார்.

நீலாயி கட்டியக்காரன் பக்கத்தில் போய் நின்றாள். "கூவுங்கண்ணே."

"எதையம்மா?"

"சாய்ஞ்சு வருதா, இல்லையா?"

அவன் திரும்பித் தளவாயைப் பார்த்தான். தளவாய் ஓடி வந்தார். "அடியே, அது தேருடி! உள்ளே சாமி இருக்கு!"

"எதுவாயினும்னு சொன்னது நீங்கதானே? கூவலைன்னா பாவம், இவருக்கு வேலை போயிரும். நீங்களே கூவுறீங்களா?"

தளவாய் தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நீலாயி மாடத்தை நோக்கி நடந்தாள். பின்னால் தேர் சாய்ந்து நிமிர, முன்னால் அவளும் சாய்ந்து நிமிர்ந்தாள். ராஜா தேரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கூப்பிய கையை இறக்கவே தோன்றவில்லை. பிறகு சிரிப்பு வந்தது.

"ஒரே நடை. ஒன்றைக் கும்பிட்டோம், ஒன்றைக் கேலி செய்தோம். நல்ல ராஜா நான்! உத்தரவு ரத்து. இனி உன்னைத் 'தேர்நடை நாச்சியார்' என்று கூவட்டும்."

"தேரும் வேண்டாம் மகாராஜா. எனக்குப் பெயர் இருக்கிறது."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ராஜா போட்ட உத்தரவுப்படி, சபை வாசலில் நின்று கூவியது கட்டியக்காரன் அல்ல, தளவாய்.

"நீலாயி வருகிறார்!"