மாதம்மா வீட்டுப் புளி

காலை ஆட்டாம படு. "ம்" கொட்டணும், இல்லன்னா கதை பாதியில நின்னுடும். ஒரு ஊர்ல, எங்க பாத்தாலும் புளியமரம். அங்க ஒரு மாதம்மா இருந்தா.

மாசி பொறந்தா அந்த ஊருப் பொம்பளைங்க வட்டமா உக்காந்து டொக்கு டொக்குன்னு புளி தட்டுவாங்க. இன்னிக்கு ஒரு வீட்டுப் புளி, நாளைக்கு இன்னொரு வீட்டுப் புளி. யார் வீட்டுதோ, மொதல்ல அதுல ஆளுக்கொரு பழம் வாயில போட்டுக்கணும். துப்புனா அந்த வீட்டுக்கே அவமானம்.

அந்த வருஷம் மாதம்மாவோட புருஷன் போய்ச் சேந்துட்டான். பாவம், நல்ல மனுஷன். அப்புறம் அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்ல. சோறு எறங்கல. துரும்பா எளைச்சுட்டா. இப்படியே விட்டா இவளும் போயிடுவான்னு ஊரே பயந்துச்சு. அவ நெஞ்சுக்குள்ள ஒரு சேதி கெடந்துச்சு. சொல்ல வெக்கம், சொல்லாம இருக்கவும் முடியல.

மொத நாளு வட்டத்துல வாயைத் தொறந்தா. "அக்கா, எனக்கு ராவானா..."

அம்புட்டுதான்! பக்கத்துல பச்சையம்மா, வாய் ஓயாதவ, "காத்து கருப்பு அண்டிருச்சுடி! வேப்பிலை அடி!"ன்னா.

மறுநாளு, "அது இல்லக்கா, ராவானா..."ன்னா.

"கசகசாவப் பால்ல அரைச்சுக் குடி!"ன்னா பச்சையம்மா. அப்புறம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். காச்சு மூச்சுன்னு ஒரே கத்தல். மாதம்மா வாயை மூடிக்கிட்டா. நான் அங்க இருந்திருந்தா அந்தப் பச்சையம்மா தலையில நறுக்குன்னு ஒரு கொட்டு வெச்சிருப்பேன்! தூங்கிட்டியா? ம்?

அப்புறம் மாதம்மா வீட்டு முறை வந்துச்சு. எல்லாரும் பழத்தை வாயில போட்டாங்க. ஸ்ஸ்ஸ்ஸ்! அப்படி ஒரு புளிப்பு! பல்லு கூசுது, கண்ணு சொருகுது, தாடை இழுத்துக்கிச்சு. துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது. பச்சையம்மாவுக்கு "ம்" மட்டுந்தான் வந்துச்சு.

அப்போ மாதம்மா மெதுவாச் சொன்னா. "ராவானா வீடு சத்தமில்லாமக் கெடக்குதுக்கா."

"ம்."

"அவரு கொறட்டையைக் கேட்டுக்கேட்டே தூங்குனவ நானு. அது இல்லாமக் கண்ணு மூட மாட்டேங்குது."

"ம்ம்."

சொல்லிட்டு ஓன்னு அழுதா. கூடவே அத்தனை பேரும் அழுதாங்க, புளிப்புக்குப் பாதி, அவளுக்குப் பாதி. அதைப் பாத்து மாதம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. நெஞ்சு லேசாயிடுச்சு. அன்னிக்கு ரெண்டு வாய் சோறும் எறங்குச்சு.

பொழுது சாஞ்சதும் பச்சையம்மா பாயை இடுக்கிக்கிட்டு வந்தா. "நகந்து படுடி. எம்புருஷன் என்னைத் தூங்கவிடாம எழுப்பி எழுப்பி விடுவான். ஏன்னு இப்பப் பாரு!"

படுத்தா. கொர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்... கூரையே அதிருது!

மாதம்மா ஒரு பெரிய கொட்டாவி விட்டா. கண்ணு தானா மூடிக்கிச்சு.

கதையும் கண்ணை மூடிடுச்சு, நீயும் மூடு.