ஓட்டிப் பார்த்த கணக்கு நோட்டு

பூசணிமேடு கல்லூரியின் கணிதத் துறையில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். மூவருக்கும் கணக்கு நன்றாக வரும். மற்றது எதுவும் வராது.

துறைத் தலைவி மங்கையர்க்கரசி, மடிக்கணினியில் ஒரு பாடநோட்டு செய்து வைத்திருந்தார். சூத்திரத்தைத் தட்டினால் அதுவே விடையைப் போட்டு, கோடும் வரைந்து காட்டும். திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. நோட்டு பிடிக்காவிட்டால் துறையையே மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அம்மையார் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். படுக்கையில் இருந்தபடியே போன் போட்டார்.

"நோட்டு வெறும் எண்ணா இருக்கு. கொஞ்சம் அழகு பண்ணுங்க. முதல்ல தலைப்பு எழுத்தைச் சாய்ச்சிடுங்க."

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"எழுத்து எங்க இருக்கு?" என்றார் ஏகாம்பரம்.

"கணினிக்குள்ள," என்றார் சூசையப்பன்.

"அப்ப கணினி சாய்ஞ்சா எழுத்தும் சாயும்," என்று தில்லைநாயகம் நிரூபித்தே விட்டார்.

கணினியின் ஒரு பக்கம் செங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். எழுத்து அருமையாகச் சாய்ந்தது. படித்த மாணவர்களின் கழுத்தும் சாய்ந்தது.

மறுநாள் போன் வந்தது. "பாடத்துக்கு நடுவுல நல்ல படமா ஒண்ணு போடுங்க. பசங்க மனசுல நிக்கணும்."

"சண்டைப் படமா, குடும்பப் படமா?" சூசையப்பனுக்குக் கவலை.

"கணக்குப் பாடம்யா இது. பேய்ப் படம்தான் பொருந்தும்," என்றார் ஏகாம்பரம்.

போட்டார்கள். அன்றைக்கு வகுப்பில் ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மனசில் நன்றாகவே நின்றது.

திங்கள் காலை கடைசி போன். "குழு வர்றதுக்குள்ள நோட்டை ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாருங்க. நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது, ஜாக்கிரதை!"

"இதுக்குச் சக்கரமே இல்லையே," என்றார் தில்லைநாயகம் துக்கத்தோடு.

கேன்டீன்காரரிடம் காய்கறி ஏற்றும் மூணு சக்கர சைக்கிளைக் கெஞ்சி வாங்கினார்கள். கணினியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். தில்லைநாயகம் மிதித்தார், மற்ற இருவரும் தள்ளினார்கள். வாசலைத் தாண்டும்போது ஆய்வுக்குழுவின் கார் எதிரே வந்து நின்றது.

"ஏங்க, கணிதத் துறை எங்க? அந்த நோட்டைப் பார்க்கணும்!" என்று குழுத்தலைவர் கத்தினார்.

"இதுதான் சார்! நிறுத்த உத்தரவு இல்ல, கூடவே வந்து பாருங்க!" என்றார் தில்லைநாயகம் மிதித்தபடியே.

மூன்றாவது தெருவில் ஏகாம்பரத்தின் போன் அடித்தது.

"குழு வந்தாச்சா? நோட்டு ஓடுதா?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். காரை விட்டு இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழுத்தலைவர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்.

"நோட்டு பிரமாதமா ஓடுது மேடம். குழுவும் ஓடுது. ஆனா குழுவுக்குத்தான் வேகம் பத்தல."