எத்திராஜ் மலையிறங்காத காரணம்

"சார், இருபது நாளா ஒரே கேள்வியைத்தான் கேட்கறேன். நீங்க இன்னும் பதில் சொல்லலை."

திலகவதி கேமராவை அணைத்தாள்.

எத்திராஜ் கெண்டைக்காலில் ஏறிய அட்டைமீது சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கேள்வி?"

"இங்கேயே ஏன் தங்கிட்டீங்க?"

ஆனைமலைக் காட்டுக்குள் காடர் பழங்குடியினரின் சிற்றூர் அது. மொத்தம் பதினெட்டு வீடுகள், அதில் ஒன்று எத்திராஜுடையது. பத்தொன்பது வருடத்துக்கு முன் அணை கட்ட நிலம் அளக்க வந்த இன்ஜினியர் அவர். வேலை முடிந்து எல்லோரும் மலையிறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. அதே அணையை எதிர்த்துக் காடர்களோடு நின்றார். தடியடி பட்டார். ஏழு மாதம் சிறையில் இருந்தார்.

அணை வரவில்லை.

அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத்தான் திலகவதி வந்திருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க," என்றார் எத்திராஜ். "ஒருத்தர்கிட்ட இருவாச்சிப் பறவைக்காகன்னு சொன்னேன். இன்னொருத்தர்கிட்ட இந்தச் சனங்களுக்காகன்னு."

"மூணாவது ஆள்கிட்ட?"

"மனசாட்சின்னு. படம் போட்ட இடத்துல நல்லாக் கை தட்டினாங்களாம்."

"இதுல எது நிஜம்?"

அட்டை சுருண்டு விழுந்தது. எத்திராஜ் எழுந்தார்.

"கேமரா வேண்டாம். மைக்கை மட்டும் எடுத்துக்குங்க."

வெள்ளச்சி முன்னால் நடந்தாள்; திலகவதிக்குப் பின்னால் எத்திராஜ் வந்தார். எத்திராஜ் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஊரில் முதன்முதலாக அவருக்குக் கிழங்கு சுட்டுக் கொடுத்த காடர் பெண் அவள்தானாம்.

மரங்கள் அடர்ந்து வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்றாள்.

"உள்ளே யார் பேரும் சொல்லிக் கூப்பிடாதீங்க அம்மிணி. உங்களைக் கூப்பிட்டாலும் பதில் பேசாதீங்க, வாக்குக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"யார் கூப்பிடுவாங்க?"

வெள்ளச்சி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

உச்சிவேளைதான். ஆனாலும் பனி இறங்கி, மரங்கள் இடுப்புவரை மட்டும் தெரிந்தன. ஹெட்ஃபோனில் சில்வண்டுகளின் இரைச்சல் காதை அறுத்தது.

சட்டென்று நின்றது.

ஒரு வண்டுகூடக் கத்தவில்லை. இலையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

திலகவதி நிமிர்ந்தாள். முன்னால் வெள்ளச்சி இல்லை. திரும்பினாள். பனிதான் இருந்தது.

"திலகா."

எத்திராஜின் குரல். முன்னாலிருந்து, பத்தடி தூரத்தில்.

இருபது நாளில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. மேடம் என்றுதான் சொல்வார். ஆனால் அவர் குரல்தான். வெகுநேரமாகக் காத்திருப்பவர் கூப்பிடுவதுபோல் இருந்தது.

"இதோ வரேன் சார்."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கினாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

வெள்ளச்சி.

அவளுக்கும் பின்னால் எத்திராஜ் நின்றார், வாய் மூடி.

"சார், நீங்க... முன்னாடிதானே இருந்தீங்க?"

அவர் அவள் காலடிக்கு முன்னால் கை காட்டினார்.

பனி கொஞ்சம் விலகியது. அவள் கால் வைக்கவிருந்த இடத்தில் தரை இல்லை. வெகு கீழே ஆறு நூல்போல் கிடந்தது.

திலகவதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 

யார் கூப்பிட்டது என்று வெள்ளச்சி கேட்கவில்லை.

"பதில் சொன்னீங்களா?"

திலகவதி ஆமென்று தலையசைத்தாள்.

வெள்ளச்சி பிடியை மெதுவாக விட்டாள். எத்திராஜை ஒருமுறை பார்த்தாள். வந்த வழியே நடந்தாள்.

திலகவதி பதிவைப் பின்னோட்டிப் போட்டாள்.

சில்வண்டுகள். அவை நிற்கின்றன. நீர் சொட்டுகிறது. மறுபடி நீர் சொட்டுகிறது.

யாரும் கூப்பிடவில்லை.

பிறகு அவள் குரல், துலக்கமாக: "இதோ வரேன் சார்."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"யார் சார் அது?"

"தெரியாது. என்னை என் தம்பி குரல்ல கூப்பிட்டுச்சு. அவன் அப்போ ராஜபாளையத்துல இருந்தான். இப்பவும் அங்கேதான், சௌக்கியமா இருக்கான்."

"இதே இடத்துலயா?"

"இதே இடம். அளவுக்கருவியைத் தோள்ல வச்சிட்டு நடந்தேன். வெள்ளச்சிதான் சட்டையைப் பிடிச்சு இழுத்தா."

"அப்பவே ஓடியிருக்கலாமே சார்! அன்னைக்கே மலையிறங்கியிருக்கலாமே!"

சில்வண்டுகள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின. எத்திராஜ் குனிந்து, அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"எப்படி இறங்கறது? 'வரேன்'னு சொல்லிட்டேனே."