ரெண்டாவது நடை

ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் ரெண்டு பேருக்கு வேலை முடிந்தது. ஒருத்தர் அறிவியல் டீச்சர் சௌந்தரவல்லி. இன்னொருத்தர் வாட்ச்மேன் ஒச்சப்பன்.

தலைமையாசிரியை பரிமளம் விழாவில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தார். டீச்சருக்கு எடுத்த அதே பொன்னாடைதான் வாட்ச்மேனுக்கும். அதே சந்தன மாலை. மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

கமிட்டிக்காரர் ஒருத்தர் காதோரம் வந்தார். "வாட்ச்மேனுக்கு எதுக்கும்மா சந்தன மாலை? கதம்பம் பத்தாதா?"

பரிமளம் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

தலைமை தாங்க அவர் கூப்பிட்டது தன் வாத்தியார் அனந்தப்பன் சாரை. ஆறாம் வகுப்பில் பரிமளத்துக்குப் பாடம் சொன்னவர். இப்போது பக்கத்து ஊரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பரிமளத்துக்கே தலை நரைத்துவிட்டது. இன்னும் ஏதாவது சந்தேகம் என்றால் அவரிடம்தான் போய் நிற்பார். சார் நேராக ஒரு பதில் சொன்னதில்லை. ஆனாலும் போவார்.

விழாவில் பரிமளம் புதுசாக ஒன்று சேர்த்திருந்தார். ஓய்வு பெறுகிறவர்கள் தங்கள் கையில் இருக்கிற சாவியை எல்லாரும் பார்க்க மேடையில் ஒப்படைக்க வேண்டும். சௌந்தரவல்லி ஆய்வகச் சாவியைக் கொடுத்தார். அடுத்து ஒச்சப்பன் தன் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். கொடுக்கவில்லை. வளையத்தில் ஒரு சாவியை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார்.

மைக் பிடித்திருந்த டிரில் மாஸ்டர், "அண்ணனுக்குக் குடுக்க மனசு வரல பாருங்க. விட்டா கேட்டையும் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிருவாரு," என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் கை தட்டினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை.

ஒச்சப்பன் கொத்தோடு கொடுத்துவிட்டார். பரிமளம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புதுசாக வந்திருக்கிற காவலாளியிடம் மேடையிலேயே கொடுத்தார். ஏஜென்சி ஆள், நீலச் சட்டை. அதற்கும் கை தட்டினார்கள்.

அடுத்து, வீட்டில் கொண்டு போய் விடுவது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அது பழைய வழக்கம். வேலை முடிந்தவரைத் தனியாகப் போக விட மாட்டார்கள். மாலையைக் கழற்றாமல் வேனில் ஏற்றி, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் போய், வீட்டு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டு வர வேண்டும்.

"முதல் நடை டீச்சருக்கு. அடுத்த நடை உங்களுக்கு அண்ணே," என்றார் பரிமளம்.

"நல்லா போயிட்டு வாங்க டீச்சர். நான் எங்க போகப் போறேன்," என்றார் ஒச்சப்பன்.

சௌந்தரவல்லி வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். வடை, கேசரி, காபி. அவர் வீட்டுக்காரர், "இத்தனை வருஷம் நீங்க வாங்குன திட்டை இனிமே நான் ஒருத்தனே வாங்கணும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சௌந்தரவல்லி உள்ளே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது ஒருத்தர் மகளுக்கு டியூஷன் என்றார். ஒருத்தருக்குப் பஸ். டிரில் மாஸ்டர் கேசரிக் கையைத் துடைத்துக்கொண்டே பரிமளத்திடம், "ஒச்சப்பன் நம்ம ஆளு டீச்சர், தப்பா எடுத்துக்க மாட்டாரு," என்று தன் பைக்கை எடுத்தார்.

வேனில் பரிமளமும் சாரும் டிரைவர் காசிம் பாயும்தான் திரும்பினார்கள்.

"சார்," என்றார் பரிமளம். "ரெண்டு பேருக்கும் வித்தியாசம் பாக்காம செஞ்சிருக்கேன். ஏதாவது குறை இருக்கா?"

"ரெண்டாவது ஆளையும் விட்டுட்டு வருவோம்மா," என்றார் சார்.

ஒச்சப்பன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மாலை கழுத்திலேயே இருந்தது. காலடியில் ஒரு தகரப் பெட்டி. சுருட்டின பாய். ஒரு குக்கர்.

"என்ன அண்ணே, குக்கர் யாரு பரிசு குடுத்தது?" என்றார் பரிமளம்.

ஒச்சப்பன் சிரித்த மாதிரி இருந்தது. காசிம் பாய் சாமான்களைப் பின்னால் ஏற்றினார். சார் தள்ளி உட்கார்ந்து தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டார்.

காசிம் பாய் வண்டியைக் கிளப்பினார். "எந்தப் பக்கம் டீச்சர்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி காலனிதான அண்ணே?"

"அது பைபாஸ் போட்டப்பவே எடுத்துட்டாங்க டீச்சர்."

"அப்புறம்?"

ஒச்சப்பன் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு உள்ளே, ஓரத்தில், ஓடு போட்ட அந்தச் சின்ன அறையைப் பார்த்தார்.

பரிமளமும் அந்த அறையைப் பார்த்தார். "அங்க டூட்டிக்குத்தான தங்குறீங்கன்னு நெனச்சேன்."

"வேற எங்கயும் இல்லீங்க. என் சம்சாரம் போனதும் அதுலதான். நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தே."

"மேடையில சாவி குடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"பிள்ளைங்க கை தட்டிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். அந்நேரம் எப்பிடிச் சொல்றது?"

பரிமளம் இறங்கிப் போய்க் கேட்டைத் தட்டினார். நீலச் சட்டைக்காரர் ஓடி வந்து சல்யூட் வைத்தார்.

"அந்த ரூம் சாவி ஒண்ணு மட்டும் வேணும் தம்பி."

"குடுக்கறேன் மேடம். ஆனா தங்க இடம் உண்டுன்னு சொல்லித்தான் ஏஜென்சில அனுப்புனாங்க. சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

அறை வாசலில் ஒரு பெண் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. பரிமளத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பரிமளம் நீட்டின கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா அண்ணே?"

"இருக்காங்க. இன்னைக்கு மாலையோட போய் நின்னா உக்காரச் சொல்லுவாங்க. நாளைக்குக் கழுத்துல மாலை இருக்காதுல்ல."

காசிம் பாய் கண்ணாடியில் பார்த்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஊரை ஒரு சுத்து சுத்துங்க டீச்சர்," என்றார் ஒச்சப்பன். "வேன்ல ஏத்தி அனுப்புனாங்கன்னு நாலு பேரு பாக்கட்டும். பெறகு பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்ருங்க. நான் பாத்துக்கிறேன்."

"அப்பிடியெல்லாம் விட முடியாது அண்ணே. நாளைக்கே கமிட்டியில பேசறேன். சத்தியமாப் பேசறேன்."

வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

பரிமளம் வாத்தியார் பக்கம் திரும்பினார். "உங்க இல்லத்துல கேட்டுப் பாக்கலாமா சார்?"

"அங்க ஒரு கட்டில் காலியாகணும்னா எங்கள்ல ஒருத்தர் போகணும்மா. நேத்து வரைக்கும் யாரும் போகல."

"அப்ப நான் என்ன சார் செய்யறது? எனக்குத் தெரிஞ்ச எல்லா மரியாதையும் செஞ்சுட்டேன்."

"செஞ்சே. நானும் பாத்தேன்."

"நாளைக்கு எப்பிடியாவது ஒரு ஏற்பாடு செஞ்சிருவேன் சார்."

"நாளைக்குச் செய். இப்ப டிரைவர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"எங்க போகச் சொல்றது சார்?"

சார் விழாவில் தனக்குப் போர்த்தின பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரை வீட்ல விடத்தானே வண்டி எடுத்தோம். உன் வீட்டுக்கு வழி சொல்லும்மா."

பரிமளத்தின் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். மகன் லீவுக்கு வந்தால் தங்குவதற்கு என்று மாடியில் ஒரு அறை உண்டு. மகன் வந்து ரொம்ப நாளாகிறது.

பரிமளம் வாயைத் திறந்தார். காசிம் பாய் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே இருந்தார். சார் பார்க்கவில்லை. ஒச்சப்பனும் பார்க்கவில்லை, அவர் மாலையிலிருந்து உதிர்ந்த சந்தனச் சீவல்களை வேன் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒச்சப்பன்தான் மெதுவாகச் சொன்னார்.

"நேராப் போங்க பாய். பஸ் ஸ்டாண்டுதான்."

காசிம் பாய் உடனே எடுக்கவில்லை. டீச்சர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்து பார்த்தார்.

பரிமளம் எதுவும் சொல்லவில்லை.