எண்மணிக்கு வாரிசு யார்?

முருங்கைக்கீரை தின்ற ஆடு கூடுதலாகப் பால் தருமா? ஓர் ஆட்டுப்பண்ணையில் மூன்று பேர் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு.

தவமணிக்கு இந்தக் கட்டுரை உயிர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆராய்ச்சிப் பத்திரிகை ஏற்றுக்கொண்டால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் ஆட்டுப் புழுக்கை அள்ள வேண்டும்.

புதன்கிழமை பத்திரிகையிலிருந்து பதில் வந்தது: ‘கணக்கைப் போட்ட மென்பொருள் எது, எந்தப் பதிப்பு என்பதை உரிய மரியாதையுடன் குறிப்பிடவும்.’

“கணக்கு முழுக்கப் போட்டது யாரு?” என்றான் தவமணி.

“எண்மணிதான் அண்ணே,” என்றாள் சகாயமேரி. எண்மணி என்பது அவர்கள் கணினியில் இருந்த புள்ளிவிவர மென்பொருள்.

“அப்போ எழுதினவங்க பேரோட அது பேரையும் சேர்த்துடுவோம். பீரு பேரே இருக்கு, அதுக்கு என்ன குறை?”

மூன்றாமவன் பீர்முகமதுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் ஆட்டைப் பிடிச்சேன்ல!”

“ஆடுதான்டா உன்னை முட்டிச்சு.”

எந்தப் பதிப்பு என்று பார்க்கக் கணினியைத் திறந்தார்கள். திரையில் ஐந்தாம் பதிப்பு நின்றது. கணக்குப் போட்ட நான்காம் பதிப்பை அழித்துவிட்டு, அது தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது.

தவமணி நாற்காலியில் சரிந்தான். “நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு!”

மூவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு கட்டுரையில் தங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘அமரர் எண்மணி, நான்காம் பதிப்பு’ என்று சேர்த்து அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பத்திரிகை அலுவலகம் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. கூடவே, ‘மறைந்தவர் சார்பில் வாரிசு இன்று மாலைக்குள் ஒப்புதல் தரவேண்டும். மற்றபடி கட்டுரை பிரமாதம்.’

“வாரிசு அஞ்சாவதுதான்,” என்றாள் மேரி. “சொத்தெல்லாம் அதுகிட்டதானே இருக்கு?”

ஐந்தாம் பதிப்பைத் திறந்ததுமே, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் திரையில் வந்தது. தவமணி பாய்ந்து விரலை நீட்டினான். மேரி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“அண்ணே! இது வாரிசு அமுக்க வேண்டியது. நீங்க அமுக்கினா ஃபோர்ஜரி!”

தவமணி கையை இழுத்துக்கொண்டான். பட்டம் வேண்டும், ஜெயில் வேண்டாம். அது தானே அமுக்கட்டும் என்று மூவரும் கைகட்டிக் காத்து நின்றார்கள். பொழுது சாயத் தொடங்கியது. திரை மெல்ல இருண்டது.

“என்னடா, கண்ணை மூடிக்கிச்சு?”

பீர்முகமது கணினியின் முதுகைத் தடவிக்கொடுத்தான். “அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை அண்ணே. இந்த நேரத்துல பட்டம் கிட்டம்னு வந்து நிக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?”

தவமணி வெட்கித் தலைகுனிந்தான். மின்விசிறியைக் கணினி பக்கம் திருப்பி வைத்தான். அதன் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.