ஞானக்கண் வழக்கு

மருதவெளி என்றொரு நாடு. அங்கே ராஜா உண்டு, அரண்மனை உண்டு, யானை உண்டு, ஆளுக்கொரு செல்போனும் உண்டு. ராஜா காலத்தில் செல்போன் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை.

அந்த நாட்டு ஜனங்கள் சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவார்கள், 'கோட்டைச் சண்டை' இல்லாமல் இருக்க மாட்டார்கள். அது ஆன்லைனில் ஆடுகிற விளையாட்டு. ஆளுக்கொரு வீரனாக உள்ளே நுழைந்து, மதிலுக்கு மதில் பதுங்கி, ஒருவரையொருவர் சுட்டுத் தள்ள வேண்டும். ராஜா சேதிராயர்தான் அதில் வெகுநாளாக முதலிடம். பெருமை தாங்காமல் அதை நாணயத்திலேயே பொறித்துவிட்டார்.

ஒருநாள் சபைக்கு வந்த ராஜாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வாஞ்சியப்பரே, மோசம் போனேன்," என்றார். வாஞ்சியப்பர் அவருடைய ஆலோசகர், வாயால் பிழைக்கிறவர். "நேற்று ஒரு மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பயல். நான் இருப்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் மதிலைப் பார்த்துத் திரும்புகிறான், சரியாக நான் இருக்கிற இடத்துக்குக் குறி வைக்கிறான், பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். நான் தலையை நீட்டியதும் சுட்டுவிட்டான். ஏழாம் இடத்துக்கு வந்துவிட்டேன்."

வாஞ்சியப்பருக்கு ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ராஜாவின் மீசை துடித்த துடிப்பைப் பார்த்து, அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

"மாசிலாமணி என்கிற வியாபாரி 'ஞானக்கண்' என்று ஒரு சாஃப்ட்வேர் விற்கிறானாம். செல்போனில் போட்டுக்கொண்டால் மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் எல்லாம் தெரிவானாம். அவன்மேல் வழக்குப் போடும். ஜெயித்தால் என் முத்துமாலை உமக்கு. தோற்றால் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பும்."

வாஞ்சியப்பரின் மனைவி அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு வழக்கு எப்படிப் போகும் என்று தெரியும். சட்டப் புத்தகத்தில் ஆடு திருடினால் தண்டனை இருந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் தண்டனை இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் தண்டனை என்று ஒரு வரிகூட இல்லை.

விசாரணை நாளில் மாசிலாமணி ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்போல சபைக்கு வந்தார்.

"மகாராஜா, நான் கோட்டைச் சண்டை ஆடுகிறவனே அல்ல. ஆடாதவன் எப்படிக் கள்ள ஆட்டம் ஆட முடியும்? கண் மங்கினவர்களுக்கு ஒருவர் மூக்குக்கண்ணாடி விற்கிறார். அவரை யாராவது கோர்ட்டுக்கு இழுத்தார்களா? ஞானக்கண்ணும் ஒரு மூக்குக்கண்ணாடிதான்."

சபையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார்.

"மீறித் தண்டித்தால், வாங்கினவர்கள் பெயரை எல்லாம் நான் சொல்ல வேண்டிவரும். அதில் பெரிய இடங்களும் இருக்கின்றன."

தலையாட்டியவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ராஜாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"பெயரெல்லாம் எதற்கு? வாஞ்சியப்பரே, யார் பெயரும் வெளியே வராமல் வழக்கை முடித்துவிடும்," என்றார்.

வாங்கினவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் விற்றவனைப் பிடிக்க வேண்டுமாம். வாஞ்சியப்பருக்கு வீட்டில் கட்டிய பெட்டி கண்முன் வந்தது. ஆனால் எழுந்து நின்றபோது முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது.

"மகாராஜா, நான் தோற்றேன். ஞானக்கண் ஒரு மூக்குக்கண்ணாடிதான், ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு நல்ல பொருளுக்கு அரண்மனை முத்திரையே கொடுத்து, தாராளமாக விற்கச் சொல்லலாம்."

மாசிலாமணி கைகூப்பினார். ராஜா வாயைப் பிளந்தார்.

"ஒரே ஒரு சின்ன வேலை," என்றார் வாஞ்சியப்பர். "மூக்குக்கண்ணாடி போட்டவரைப் பார்த்தால் எவருக்கும் தெரிகிறது. யாரும் அதை ஒளித்துப் போட்டுக்கொள்வதில்லை. அதனால் ஞானக்கண் போட்டு ஆடுகிற வீரனின் மூக்கிலும், விளையாட்டில் எல்லாருக்கும் தெரிகிறமாதிரி, ஒரு கண்ணாடியை இவர் மாட்டிவிட வேண்டும். பெரிய கண்ணாடியாக."

"ஐயா, கெடுத்தீர்களே," என்று பதறினார் மாசிலாமணி. "அப்புறம் எவன் வாங்குவான்? எதிராளிக்குத் தெரியாது என்பதற்காகத்தானே காசு கொடுக்கிறார்கள்."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கூப்பிய கை தானாகக் கீழே இறங்கியது.

வாஞ்சியப்பர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "எதிராளிக்குத் தெரிந்தால் விலை போகாத சரக்கு இன்னொன்றும் நம் சந்தையில் உண்டு, மகாராஜா. அடியில் குடைந்த எடைக்கல். அதைச் செய்து விற்கிறவன் கடையில் உட்கார்ந்து எடை போடுவதில்லை. ஆனாலும் நம் சட்டம் அவனைத்தான் முதலில் பிடிக்கச் சொல்கிறது. சாட்சிக்கு வேறு யாரும் வேண்டாம், இவர் சொன்னதே போதும்."

ராஜா தீர்ப்புச் சொன்னார். ஞானக்கண் கடைக்குப் பூட்டு. மாசிலாமணி ஒரு வருஷம் சம்பளமில்லாமல் சந்தையில் எடைக்கல் சரிபார்க்க வேண்டும். யார் பெயரும் வெளியே வரவில்லை. சபையில் பல பேர் நன்றாக மூச்சு விட்டார்கள்.

சாயங்காலம் நந்தவனத்தில் ராஜா முத்துமாலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கெட்டிக்காரர்தான் நீர். ஆனால் வாங்கினவர்களில் ஒருத்தரைக்கூட உம்மால் கண்டுபிடிக்க முடியவில்லையே?" என்றார், கொஞ்சம் நிம்மதியாக.

வாஞ்சியப்பர் அக்கம்பக்கம் பார்த்தார். தோட்டக்காரன்கூட இல்லை. அன்றைக்கு விழுங்கிய கேள்வியை இப்போது மெதுவாக வெளியே எடுத்தார்.

"மகாராஜா, அந்தப் பயல் மதிலுக்கு அந்தப் பக்கம். தாங்கள் இந்தப் பக்கம். அவன் பல்லைக் காட்டியது தங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

ராஜாவின் மீசை ஒருமுறை துடித்தது. பிறகு கிரீடம் நழுவி மடியில் விழுகிற அளவுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையை வாஞ்சியப்பர் கழுத்தில் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார்.

"சத்தம் போடாமல் இதிலிருப்பதை எப்படி அழிப்பது என்று சொல்லும்."