ஆறிப்போன நண்டுச்சாறு

வெகுகாலத்துக்கு முன்னால் நீர்மங்கலம் என்ற நாட்டை மழுவரையன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அவனோடு பேச எல்லோரும் அஞ்சுவார்கள். அவன் நாக்கு பழைய நாட்களைத் தேட ஆரம்பித்துவிடும்.

இளவரசனாக இருந்தபோது எல்லைப் போரில் அவனுடைய பாசறை அடைமழையில் மாட்டிக்கொண்டது. உணவு வண்டிகள் வரவில்லை. படையோடு வந்த சமையற்காரி சடைச்சி, மண் கொடுத்ததை எடுத்துச் சமைத்தாள். புற்றிலிருந்து கிளம்பிய ஈசலை அரிசியோடு வறுத்தாள். வயல் நண்டை மிளகும் பூண்டும் சேர்த்து இடித்துச் சாறு வைத்தாள். முதலில் முகம் சுளித்த இளவரசன், ஒரு வாய் குடித்தபின் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

முடிசூடியதும் சடைச்சியை அரண்மனை மடைப்பள்ளிக்குத் தலைவி ஆக்கினான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதையே சமைக்கச் சொன்னான். ஒவ்வொரு முறையும், "இது அது இல்லை" என்று தள்ளி வைத்தான்.

அரசன் உண்பதற்கு முன் உண்டு பார்க்கும் பதவியில் இருந்தவர் பரமலிங்கர். சடைச்சியின் இடத்தில் தன் மைத்துனனை அமர்த்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அரசனிடமும் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்திருந்தார். அந்த ஐப்பசியில் சமயம் பார்த்துச் சொன்னார்: "அரசே, இவளுக்குக் கை மறந்துவிட்டது. இல்லையென்றால் வேண்டுமென்றே ஏமாற்றுகிறாள்."

அரசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்த மழை விடுவதற்குள் அந்த ருசி வர வேண்டும். வராவிட்டால் சடைச்சி நாட்டைவிட்டுப் போகட்டும்!"

அமைச்சர் அறவாணர் நேராக மடைப்பள்ளிக்குப் போனார். சடைச்சி அடுப்பின் முன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புகையா அம்மா?"

"புகை என்றே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அதே நண்டு, அதே மிளகு, அதே கை. வேறு என்ன செய்வேன்?"

ஒரு கிண்ணத்தில் சாறு ஊற்றிக் கொடுத்தாள். அமைச்சர் ஊதி ஊதிக் குடித்தார். நெற்றி வியர்த்தது, மூக்கு ஒழுகியது. "இதையா குறை சொல்கிறார்!" என்று வியந்தார்.

பிறகு அந்தச் சாறு அரசனிடம் போகும் வழியைப் பின்தொடர்ந்தார். பரமலிங்கர் ஆவி பறக்க ஒரு கிண்ணம் குடித்தார். ஈசல் வறுவலைக் கறுக்மொறுக்கென்று மென்றார். விஷம் இருந்தால் தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு நாழிகை காத்திருந்தார்கள். சாறு ஆறி நண்டு வாடை அடித்தது. மழைக்காற்றில் ஈசல் நமுத்துப்போனது. அதன் பிறகுதான் தட்டு அரசனிடம் போனது.

அமைச்சருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? மழுவரையனின் தாத்தா விஷத்தால் இறந்தவர். பிறர் உண்டு பார்க்காததை அரசனை உண்ணச் சொல்பவன் துரோகி என்பது அன்று முதல் அந்த நாட்டுச் சட்டம். முடிசூடாத இளவரசனுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

மறுநாள் சபையில் அமைச்சர் எழுந்தார். "அரசே, சடைச்சி ஏமாற்றுகிறாளா என்று எல்லோரும் பார்க்கட்டும். அடுப்பைச் சபைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்."

"நானும் அதையே சொல்ல நினைத்தேன்!" என்றார் பரமலிங்கர்.

அடுப்பு வந்தது. சாறு கொதித்து மணந்தது. பக்கத்துச் சட்டியில் ஈசல் வறுபட்டது. பரமலிங்கர் கிண்ணத்தை எடுத்தார்.

"பொறுங்கள்," என்றார் அமைச்சர். "உங்கள் நாக்கு எவ்வளவு அருமையானது?"

"அமைச்சரே, இப்படி ஒரு நாக்கு அமைய முப்பது வருடம் ஆகும். ஓர் அரசர் போனால் மறுநாளே இன்னோர் அரசருக்கு முடிசூட்டிவிடலாம். நான் போனால்?"

அரசனின் மீசை துடித்தது.

"அப்படியானால் இவ்வளவு அருமையானவர் உண்பதற்கு முன் யாராவது உண்டு பார்க்க வேண்டாமா? இவரைவிட மலிவான ஆள் சபையில் யார் இருக்கிறார்கள்?" என்று அமைச்சர் அப்பாவியாகச் சுற்றிலும் பார்த்தார்.

அரசன் சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்தான். "ஏன், நான் இருக்கிறேனே! மறுநாளே கிடைக்கிற சரக்கு."

"ஐயோ அரசே, நான் அந்த அர்த்தத்தில்..."

அதற்குள் அரசன் கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டான். நாக்கு சுட்டது. கண்ணில் நீர் வந்தது. சட்டியிலிருந்து ஒரு பிடி ஈசலை அள்ளி வாயில் போட்டான். மொறுமொறுவென்ற சத்தம் சபை முழுக்கக் கேட்டது. மென்றுகொண்டே வெகுநேரம் வெளியே பெய்யும் மழையைப் பார்த்தான்.

"இதுதான்," என்றான் மெல்ல. "கூடாரம் ஒழுகியது. எல்லோரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்..."

பிறகு சட்டென்று திரும்பினான். "பரமலிங்கரே, இருபது வருடமாக இதை இப்படிச் சுடச்சுடக் குடித்தது நீர். ஆறியதைக் குடித்தது நான். ருசி எங்கே போனது என்று உமக்குத் தெரியாதா?"

பரமலிங்கர் தலை குனிந்தார். "தெரியும், அரசே."

"தெரிந்தும் இவளை நாடுகடத்தப் பார்த்தீர். இனி என் எதிரில் சடைச்சியே முதல் வாய் உண்ணட்டும். அடுத்த வாய் எனக்கு. காத்திருப்பது கிடையாது. நீரும் உம் மைத்துனரும் வயலில் இறங்கி நண்டு பிடித்துக் கொடுங்கள்."

அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். பிறகு சடைச்சியைக் கேட்டான்: "அன்றைக்கு நம்மோடு குடித்தவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

"குதிரைக்கார மூக்கன் ஒருவர்தான், அரசே. கிழக்கு வாசலில் காவல் இருக்கிறார். பல்லெல்லாம் போய்விட்டது."

"சாறு குடிக்கப் பல் எதற்கு? ஓடிப்போய் அழைத்துவரச் சொல்," என்றான் அரசன். "சூடு ஆறிவிடப் போகிறது."